ஒன்பது நாள் ஐஸ்

மெஷின் ஓடியதே பெரிய விஷயம். ஏழு மாதமாகச் சேற்றிலும் உப்பிலும் ஊறிக் கிடந்த கம்ப்ரஸர் மூன்று தடவை இருமியது. நாலாவது தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு கிளம்பியபோது, ஒரு மாதமாக அதோடு மல்லுக்கட்டிய ஃபிட்டர் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் தொட்டியிலிருந்து முதல் ஈடு ஐஸ் கட்டிகள் எழுந்து வந்தன. ஓரமெல்லாம் தெளிவு, நடுவில் மட்டும் வெள்ளை. புயலுக்கு முன்னால் எப்படி வருமோ அப்படியேதான் வந்தன.

வாங்கத்தான் ஆள் வரவில்லை.

ஐஸ்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொட்டிக்கும் வாசலுக்கும், வாசலுக்கும் ஸ்டோர் ரூமுக்கும் நடந்துகொண்டே இருந்தார். உட்கார்ந்தால் இரண்டு நிமிடம், எழுந்தால் இரண்டு மணி நேரம். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கம்பெனியில் மேஸ்திரி. ஊரில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. 'ஐஸ்' என்றால் போதும், திரும்பிப் பார்ப்பார். 'யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாத மனுஷனுக்கு இப்படி ஒரு பேரா' என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்க இப்போது அவள் இல்லை. புயல் கொண்டுபோனவர்களில் அவளும் ஒருத்தி.

ஆள் ஏன் வரவில்லை என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. புயலுக்குப் பிறகு சாலை அறுந்து, கரண்ட் அறுந்து, ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர் நின்றபோது, கிடைத்த உடல்களை வைக்க ஊரில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. கம்பெனியின் மெஷின் மூழ்கினாலும், புயலுக்கு முன்னால் அடுக்கிய ஐஸோடு ஸ்டோர் ரூம் மேட்டில் தப்பியிருந்தது. அந்த அறையைக் குளிர வைக்கிற ஜெனரேட்டர் அதற்கும் மேலே, மாடியில். தப்பிய படகுகளின் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சிக் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். ஒன்பது நாள். நாற்பத்தியொரு பேர். உறவினர்கள் வந்து பார்த்து, அடையாளம் சொல்லி, எடுத்துப் போகும்வரை அவர்களைக் கெடாமல் பார்த்துக்கொண்டவர் ஐஸ்காரர்தான். அன்றைக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழாதவர்கள் இல்லை. இன்றைக்கு அந்தக் கையால் எடுத்துக் கொடுக்கும் ஐஸில் மீனைப் போட யாருக்கும் மனசு வரவில்லை. கம்பெனியின் பெயரைக்கூட யாரும் சொல்வதில்லை. 'அந்த இடம்' என்றுதான் பேச்சு.

வியாழக்கிழமை முதலாளி போனில் பேசினார். அவர் இருப்பது உள்ளே, கடல் வாடையே படாத நகரத்தில்.

"எத்தனை போட் ஏத்துச்சு?"

"இன்னும் ஆரம்பிக்கல முதலாளி. சீசன் இப்பத்தானே திறந்திருக்கு..."

"சீசன் திறந்து பத்து நாள் ஆச்சுய்யா. எல்லாரும் அடுத்த துறைமுகத்துலேருந்து லாரியில ஐஸ் எடுத்துட்டு வர்றாங்களாமே. ரெண்டு மணி நேரத் தூரம். வர்ற வழியிலயே பாதி ரோட்டுல ஒழுகிடும். அதை வாங்குறானுங்க, வாசல்ல இருக்கறத வாங்க மாட்டானுங்களா?"

ஐஸ்காரர் வாசலில் உருகி ஓடிய தண்ணீரைக் காலால் ஒதுக்கிவிட்டார்.

"இந்தா பாரு. பால் கம்பெனிக்காரன் மெஷினைக் கேக்குறான். திங்கக்கிழமை ஆள் அனுப்பறேங்கறான். அதுக்குள்ள ஒரு போட்டாவது ஏத்துச்சுன்னு நீ சொன்னா, நான் அவனுக்கு வேற பதில் சொல்லிக்கிறேன். இல்லன்னா கழட்டிக் கொடுத்துடு. உன் மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல."

கோபமில்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைக்கிறவர்களிடம் மேலே பேச ஒன்றும் இருக்காது. ஐஸ்காரர் போனைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி நடந்தார். மெஷின் போனால் தனக்கு வேலை போகும், அது இருக்கட்டும். படகுத்துறையில் ஐஸ் இல்லையென்றால் பெரிய படகுகள் ஒவ்வொன்றாக அடுத்த துறைமுகத்துக்கே இடம் மாறிவிடும். படகு போனால் ஏலம் போகும், ஏலம் போனால் கூடை தூக்குகிறவர்கள் போவார்கள். ஏழு மாதமாக ஒவ்வொரு ஓடாகப் பொறுக்கி மறுபடி அடுக்கிக்கொண்டிருக்கிற ஊர், அடுக்கி முடிப்பதற்குள் காலியாகிவிடும். இதை யாரிடம் சொல்வது?

டீக்கடைக்குப் போனார். புயல் தூக்கிக்கொண்டு வந்து சாலை நடுவில் கவிழ்த்த ஒரு படகுதான் இப்போது டீக்கடையின் கூரை. நகர்த்த யாராலும் முடியாததால், டீக்காரர் அதன் அடியில் நாலு தூண் கொடுத்துக் கடை போட்டுவிட்டார். சுற்றிலும் சுத்தியல் சத்தம். அந்த ஊரில் காலையிலிருந்து இருட்டும்வரை எங்காவது யாராவது ஆணி அடித்துக்கொண்டே இருப்பார்கள். உப்பில் ஊறிய மரத்தில் ஆணி நிற்காது. மறுநாள் அதே ஆணியை மறுபடி அடிப்பார்கள்.

மீன் ஏலம் விடுகிற அம்மா அங்கே டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். நாற்பத்தியொரு பேரில் அவள் கணவரும் ஒருவர். ஆனாலும் அவள் வாய்க்கு மட்டும் புயலில் சேதம் ஒன்றும் இல்லை.

"வாங்கண்ணே. உங்க கம்பெனி வாசல்ல ஐஸ் உருகி ஓடுற ஓட்டத்துக்கு அங்கயே வலை போடலாம்னு சொல்றாங்களே!"

"சொல்றவங்க ஒரு கட்டி வாங்கிட்டுச் சொல்லலாமே."

பெஞ்சின் ஓரத்தில் இருந்த படகுத் தொழிலாளி ஒருவன் தயங்கித் தயங்கி, "தப்பா நினைக்காதீங்கண்ணே. நடுவுல வெள்ளையா ஒண்ணு இருக்கே. நீட்டமா. படுத்திருக்கற மாதிரி இருக்காம்" என்றான்.

"யாரு படுத்திருக்கா?"

"அதைத்தான் சொல்ல மாட்டேங்குறாங்க."

ஐஸ்காரருக்குச் சுருக்கென்றது. "அது காத்துப்பா. தண்ணி ஓரத்துலேருந்து உறைஞ்சுட்டு வரும். உள்ள இருக்கற காத்தும் அழுக்கும் ஒதுங்கி ஒதுங்கிக் கடைசியில நடுவுல மாட்டிக்கும். எல்லா ஊர் ஐஸ்லயும் அது இருக்கும். இருபத்திரண்டு வருஷமா நீங்க வாங்குன ஐஸ்லயும் இருந்துச்சு. அப்பல்லாம் கண்ணு எங்க போச்சு?"

"அப்ப யாருண்ணே ஐஸைப் பாத்தா? மீனைத்தானே பாத்தோம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஏலக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "வெள்ளையாவது கறுப்பாவது" என்றாள். "எல்லாரும் உங்க மச்சினன் மூஞ்சியைப் பாத்துட்டு நிக்குறானுங்க. மைக் ஏத்துனா இவனுங்க ஏத்துவானுங்க. போய் அவரைப் பாருங்க."

மைக் என்பது அவர் மனைவியின் தம்பி. சொந்தமாக இரண்டு படகு, படகுக்காரர் சங்கத்தின் தலைவர். கூட்டத்தில் அவருக்கு மைக் கொடுத்தால் காது போய்விடும் என்பதால் கொடுக்க மாட்டார்கள். அதனால்தான் அந்தப் பெயர். புயலுக்கு முன்னால் தினம் சாயங்காலம் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் தன் வீட்டுக்கே போவார். ஏழு மாதமாக அந்த வீட்டுப் படி ஏறவில்லை. துறையில் எதிரே வந்தால் வலையை எண்ணுகிற மாதிரி குனிந்துகொள்வார். ஏன் என்று ஐஸ்காரர் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்.

அதனால் ஏலக்காரம்மா சொன்ன வழியை விட்டுவிட்டுத் தனக்குத் தெரிந்த வழியைப் பிடித்தார். வெள்ளைதானே பிரச்சினை? வெள்ளையே இல்லாமல் செய்து காட்டுவோம்.

அதற்கும் வழி இருந்தது. உறைகிற தண்ணீரைச் சும்மா விடக் கூடாது. அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அசைகிற தண்ணீரில் காற்று தங்காது, கண்ணாடி மாதிரி உறையும். பெரிய கம்பெனிகளில் ஒவ்வொரு கேனுக்குள்ளும் குழாய் விட்டுக் காற்றை ஊதிக்கொண்டே இருப்பார்கள். இங்கேயும் அந்தக் குழாய்கள் இருந்தன. புயலில் எந்தக் கடலுக்குப் போயினவோ தெரியாது. சரி, கை இருக்கிறதே?

சனிக்கிழமை விடியற்காலையில் சின்ன அளவுக் கேன்கள் பத்தை எடுத்து, லாரியில் வந்த நல்ல தண்ணீரை நிரப்பி, உறையாமலே கடுங்குளிரில் நிற்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார். ஒரு நீளக் கரண்டிக் காம்பை எடுத்துக்கொண்டு முதல் கேனைக் கலக்கினார். பிறகு இரண்டாவது. பத்தாவதை முடித்துத் திரும்பும்போது முதல் கேனில் ஓரம் பிடித்திருந்தது. மறுபடி முதலிலிருந்து. தொட்டியின் மேல் போட்ட பலகையில் அப்படியும் இப்படியுமாக ஒரே நடை.

எட்டிப் பார்த்த ஃபிட்டர், "என்ன அண்ணே, பாயசம் கிண்டறீங்களா?" என்றார்.

"ஆமா. உனக்கு முந்திரி போடவா?"

"நான் கொஞ்ச நேரம் பிடிக்கறேன், நீங்க உக்காருங்க."

"உக்காந்தா நான்தான் உறைஞ்சுபோவேன். போய் வேலையைப் பாரு."

பொய்யில்லை. ஏழு மாதத்தில் அன்றைக்குத்தான் தன் கால் போகிற போக்குக்கு ஒரு காரணம் கிடைத்த மாதிரி இருந்தது அவருக்கு. வீட்டில் இரண்டு அறை. சுவரில் தோள் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கோடு. எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தாலும் ஒரு வாரத்தில் மறுபடி பூத்து வெளியே வந்துவிடும். ஈரத்தில் உப்பிய கதவு மூடாது. மூடினால் திறக்காது. கட்டிலை இந்த அறையில் போட்டுப் பார்த்தார், அந்த அறையில் போட்டுப் பார்த்தார், கடைசியில் கட்டிலையே வேண்டாம் என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

கலக்கிக்கொண்டிருக்கும்போதே கண் ஸ்டோர் ரூம் பக்கம் போயிற்று. அவளை இரண்டாம் நாள் காலையில் கொண்டுவந்தார்கள். மீட்புப் படகில், தார்ப்பாயில் சுற்றி, வேறு மூன்று பேரோடு. தூக்கி வந்தவர்களுக்கு யார் யார் என்று தெரியாது. 'துணியை வெச்சு அடையாளம் சொல்லிக்குங்க' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்தான் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தார். வேறு யாரும் பார்க்கவில்லை. உடனே மூடிவிட்டார். இடது சுவர் ஓரமாக இடம் ஒதுக்கி, சுற்றிலும் கட்டி அடுக்கினார். மற்றவர்களுக்குச் செய்ததைத்தான் செய்தார், ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நாலாம் நாள் அவளை எடுத்துப் புதைத்துவிட்டார்கள். 'இடம் போதலை, இன்னும் ஆளுங்க வந்துட்டே இருக்காங்க. முதல்ல என் வீட்டு ஆளை எடுத்துடறேன்' என்றார் ஐஸ்காரர். இப்படி ஒரு மனுஷனா என்று சில பேர் கண்ணைத் துடைத்தார்கள். ஐந்தாம் நாள் மத்தியானம் மச்சினன் வந்து சேர்ந்தார். புயலுக்கு ஒதுங்கித் தூரத்துத் துறைமுகம் ஒன்றில் மாட்டிக்கொண்டவர். படகு உடைந்து, பாதி வழி நடந்து, பாதி வழி யார் யாருடைய வண்டியிலோ தொற்றிக்கொண்டு வந்திருந்தார். ஸ்டோர் ரூம் வாசலில் நின்று, "அக்கா எங்க?" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் பத்துக் கேனிலும் நடுவில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர் மிச்சமிருந்தது. அழுக்கெல்லாம் ஒதுங்கி நிற்கும் தண்ணீர். அதை உறிஞ்சி எடுத்துவிட்டு நல்ல தண்ணீரை ஊற்றினார். தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துக் கட்டியும் தள்ளுவண்டியில் ஏறி, சாக்குப் போர்த்திக்கொண்டு படகுத்துறைக்கு வந்தன. துறையில் பாதிதான் மிச்சம். மீதிப் பாதி கடலுக்குள் சரிந்து கிடந்தது. இருந்த பாதியில் படகுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. ஐஸ்காரர் ஒரு சாக்கை உருவினார். கட்டிக்குப் பின்னால் நின்ற ஏலக்காரம்மாவின் சேலைக் கரை அதன் வழியாக அப்படியே தெரிந்தது.

"யப்பா!" என்றான் அந்தப் படகுத் தொழிலாளி. "கண்ணாடிக் கடையா வெச்சிருக்கீங்க?"

"பாத்துக்க. எங்க வெள்ளை? யாரு படுத்திருக்கா? நல்லா பாரு."

பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். விரலால் தட்டினார்கள், குனிந்து பார்த்தார்கள். ஒருவன் அந்தப் பக்கம் போய் மூஞ்சியைக் கோணிக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தான். ஆனால் யாரும் 'ஏத்து' என்று சொல்லவில்லை. ஒவ்வொருவராகத் திரும்பி ஒரே படகைப் பார்த்தார்கள். அங்கே மச்சினன் வலையை மடித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே பேசினார். அவர் பேசினால் துறை முழுக்கக் கேட்கும்.

"ஐஸ் நல்லாத்தான் இருக்கும் மாமா. அதுல என்ன குறை? ஆனா எங்க அக்காவுக்கு ஒரு நாள் ஐஸ் இல்லாத கம்பெனியில எனக்கு எதுக்கு ஐஸ்?"

சிரிப்பு நின்றது.

"நாப்பது பேருக்கு இருந்துச்சு. யார் யாரோ எங்கெங்கேருந்தோ வந்து பாக்கற வரைக்கும் ஒன்பது நாள் வெச்சிருந்தீங்க. ஊர் பேர் தெரியாத ஆளுக்கெல்லாம் இடம் இருந்துச்சு. ஒரே ஒரு நாள் மாமா. நான் வந்துட்டுத்தானே இருந்தேன். நடந்து வந்துட்டுத்தானே இருந்தேன்."

ஐஸ்காரர் சாக்கைக் கையில் பிடித்தபடி நின்றார். வெள்ளை போய்விட்டது, வந்தது இதுதான். கூட்டம் மெல்லக் கலைந்தது. அவரவருக்கு அவரவர் கயிற்றில் திடீரென்று ஏதோ சிக்கல் இருந்தது.

ஏலக்காரம்மா மட்டும் நகரவில்லை. "எனக்கு ரெண்டு போடுங்கண்ணே" என்றாள். "மீன் பெட்டிக்கு வேணும்."

"பரிதாபப்பட்டு வாங்காதம்மா."

"பரிதாபமா? எங்க வீட்டுக்காரர் உசுரோட இருந்தப்ப சாயங்காலம் வரைக்கும் தாங்க மாட்டாரு, வேர்த்து நாறிப் போவாரு. உங்க ஐஸ்ல ஒன்பது நாள் அப்படியே இருந்தாரு. இதுக்கு மேல என்ன கேரண்டி வேணும்?" சொல்லிவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, துறை ஓரத்தில் இருந்த ஐஸ் உடைக்கிற மெஷின்காரனைப் பார்த்துக் கத்தினாள். "என்னடா வேடிக்கை? வந்து எடுத்துட்டுப் போ!"

மெஷின் கடகடவென்று ஆரம்பித்தது. இரண்டு கட்டி போய் எட்டு மிச்சம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சாக்கின் ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. ஏலக்காரம்மா வாங்கியது படகுக் கணக்கில் சேராது என்று ஐஸ்காரருக்குத் தெரியும். நாளைக்குப் பால் கம்பெனி ஆள் வந்துவிடுவான்.

அப்போது அடுத்த துறைமுகத்து ஐஸ் லாரி வந்து நின்றது. வழியெல்லாம் ஒழுகிக்கொண்டே வந்திருந்தது. டிரைவர் இறங்கி ஐஸ்காரர் பக்கத்தில் வந்து பீடியைப் பற்றவைத்தார். ஊருக்குப் புதுசு. யாருக்கு யார் என்ன உறவு என்று தெரியாது.

"இன்னிக்குத்தான் லேட்டில்ல" என்றார் தானாகவே. "மத்த நாள்ல நான் என்ன பண்றது? அந்த மைக் அண்ணன் கூட வர்ற நாளெல்லாம் வண்டியை எங்க ஊர் ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தச் சொல்லிடறாரு. அரை மணி நேரம். நேத்தும் அப்படித்தான்."

"ஆஸ்பத்திரியா? யாருக்கு உடம்பு சரியில்ல?"

"உடம்பு இல்லண்ணே. அங்க புயல்ல அடிபட்டு, பேர் சொல்லத் தெரியாம, பேச்சே வராம நாலஞ்சு பேர் இன்னும் கிடக்காங்களாம். பொம்பளைங்க வார்டுல போய் ஒவ்வொரு கட்டிலா பாத்துட்டு வருவாரு. ஒரே ஆளுங்களைத்தான் பாக்குறாரு, ஆனாலும் பாக்குறாரு. முகத்தைப் பாக்காம எப்படி நம்பறதுன்னு ஒரு நாள் கேட்டாரு. என்னத்தைச் சொல்றது?"

மச்சினன் ஐஸுக்காகத்தான் ரெண்டு மணி நேரம் போகிறார் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. ஐஸ் ஒரு சாக்கு.

யோசித்திருந்தால் போயிருக்க மாட்டார். யோசிக்கவில்லை. தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு, பலகையில் கால் வைத்து மச்சினனின் படகில் ஏறினார். ஏழு மாதத்தில் முதல் தடவையாக இருவரும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றார்கள். மச்சினன் வலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இடம் இருந்துச்சு" என்றார் ஐஸ்காரர்.

"என்ன?"

"நாலாம் நாள். இடம் போதலைன்னு சொன்னேனே. பொய். இன்னும் அஞ்சாறு பேருக்கு இடம் இருந்துச்சு. டீசலும் இருந்துச்சு."

மச்சினனின் கை நின்றது.

"அரை மணிக்கு ஒரு தடவை உள்ள போகணும். உருகுனதை எடுத்துட்டு வேற கட்டி வைக்கணும். எல்லாருக்கும் வெச்சேன். அவகிட்ட வரும்போது மட்டும்... மூடித்தான் இருந்துச்சு. ஆனா கையில ஐஸைத் தூக்கிட்டு நான் போறேன், அவ அங்க இருக்கா. திரும்பப் போறேன், அங்கயே இருக்கா. ரெண்டு நாள் தாங்குனேன். மூணாம் நாள் ராத்திரி உள்ள போக முடியல, வாசல்லயே நின்னுட்டேன். அவளால மத்தவங்களும் கெட்டுடுவாங்கன்னு ஆச்சு. அவளை எடுத்துட்டா நான் வேலையைப் பாப்பேன். அதான் எடுத்தேன். நீ வந்துட்டு இருப்பேன்னு தெரியும். தெரிஞ்சுதான் எடுத்தேன்."

மச்சினன் எழுந்தார். அடிக்கத்தான் எழுந்தார் என்று துறையில் பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. ஐஸ்காரர் நகரவில்லை. மச்சினன் காலடியில் இருந்த காலிக் கூடையை எடுத்துக் கடலில் வீசினார். இன்னொன்றையும் எடுத்து வீசினார். மூன்றாவதுக்குக் கை போனபோது கூடை இல்லை. படகின் பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மிதந்து போகிற கூடைகளைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நின்றார். கரையில் உடைக்கிற மெஷின் அலறிக்கொண்டிருந்தது.

அந்த முதுகு என்னவோ சொன்னது. மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை. துறையையே அதிர வைக்கிற குரல் அன்றைக்கு ஒரு முழம் தாண்டவில்லை.

"என்ன?" என்று கத்தினார் ஐஸ்காரர்.

"முகம்!" மச்சினன் திரும்பினார். "முகம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன்!"

இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல அவரிடம் ஒரு பதில் தயாராக இருந்தது, தூங்குகிற மாதிரி இருந்தது என்று. ஆனால் யாருமே கேட்கவில்லை. இப்போது அது வாய்வரை வந்து நின்றுவிட்டது.

"தூங்கற மாதிரி இல்ல!" என்று மெஷின் சத்தத்துக்கு மேலாகக் கத்தினார்.

"அப்புறம்?"

"இடது புருவம் மேல ஏறி! வாய் பாதி திறந்து! நாம சாப்பாட்டுக்கு லேட்டா வந்தா வாசல்ல நின்னு பாப்பாளே! திட்ட வாயைத் திறப்பாளே! அப்படியே இருந்தா! அப்படியே..."

ஐஸ் தீர்ந்து மெஷின் நின்றது. கடைசி 'அப்படியே' மட்டும் தனியாக, நல்ல சத்தமாக, துறை முழுக்க ஓடியது. படகுகளில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏலக்காரம்மா கையில் நொறுங்கிய ஐஸோடு நின்றாள். விரல் வழியாகத் தண்ணீர் முழங்கைக்கு இறங்கிக்கொண்டிருந்தது, அவள் கவனிக்கவில்லை.

மச்சினன் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பொய் வந்திருந்தால் கண்டுபிடித்திருப்பார். அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியது, சிரிக்கவா அழவா என்று முடிவு செய்யாத மாதிரி.

"அப்ப அது அக்காதான்" என்றார்.

"அக்காதான்."

"நான் லேட்டுதானே. திட்டத்தானே செய்வா."

பக்கச் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். ஐஸ்காரரும் அவருக்கு எதிரே ஈரப் பலகையில் உட்கார்ந்தார். கரையிலிருந்து ஏலக்காரம்மாதான் குரல் கொடுத்தாள். "மாமனும் மச்சினனும் அங்கயே குடித்தனம் பண்ணப் போறீங்களா? வண்டியில ஐஸ் உருகுதுய்யா!"

மச்சினன் மூக்கைச் சிந்தி எறிந்துவிட்டு எழுந்தார்.

"எத்தனை இருக்கு?"

"எட்டு."

"எட்டையும் ஏத்துங்கப்பா" என்றார் தன் ஆட்களைப் பார்த்து. குரல் பாதிதான் திரும்பியிருந்தது. ஆனாலும் நாலு படகுக்குக் கேட்டது. மூன்றாவது படகிலிருந்து ஒருவன், "நாளைக்கு எங்களுக்கு எத்தனை வரும்ணே?" என்று ஐஸ்காரரைக் கேட்டான். அவர் பதில் சொல்வதற்குள் மச்சினன் இடைமறித்தார்.

"உங்க மேல கோவம் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க மாமா. அது போகாது."

"சரி."

"அந்தப் படியை நான் ஏறுவேனான்னும் தெரியாது."

"சரிப்பா."

படகின் அடித்தட்டுக்குள் முதல் கட்டி இறங்கியது. லாரி டிரைவர் பீடியை மிதித்து அணைத்துவிட்டு, இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் கீழே நின்றுகொண்டிருந்தார். மச்சினன் பலகையில் இறங்கி அவர் பக்கம் போனார். ஐஸ்காரர் படகிலிருந்தபடியே பார்த்தார்.

"இன்னிக்குக் கொண்டுவந்ததை இறக்கிட்டுப் போயிடுங்க" என்றார் மச்சினன். "நாளையிலேருந்து வண்டி வேண்டாம்."

"நீங்க வர்றதாச் சொன்னீங்களேண்ணே? புதன்கிழமை?"

மச்சினன் ஒரு நிமிஷம் லாரியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இல்ல" என்றார். "வரல."